கடிகாரத்துக்கு வெயில் காட்டிய கதை

வடாம், வற்றல், புளி, மிளகாய், மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பை, இவற்றுக்கெல்லாம் வெயில் காட்டுகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கைக்கடிகாரத்துக்கு வெயில் காட்டுகிற வீடு ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருந்தது. அது என் அண்ணன் வீடு.

அண்ணனுக்கும் எனக்கும் பதினேழு வயது வித்தியாசம். எனக்கு அவர் பாதி அப்பா. 1984-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் போனஸ் பணத்தோடு சென்னைக்குப் போய், பர்மா பஜாரில் பேரம் பேசி, ஒரு ஜப்பான் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். முள் கிடையாது. எண்கள்தாம். எண்களுக்கு மேலே கருநீலத்தில் நாலு பட்டைகள். "இதுக்குச் சாவியும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம்டா. வெயிலைக் குடிச்சே ஓடும்" என்றார். முதல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று தேடியது நினைவிருக்கிறது.

அதில் ஒரு வேடிக்கை. வெயிலைக் குடித்து ஓடும் கடிகாரத்தை வாங்கிய மனிதர் மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டுக்காரர். பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைக்குள் நுழைந்து பாம்புபோல் நெளிந்து வரும் இடத்தில் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே அது இரவு முழுவதும் சோற்றுப் பைக்குள் கிடக்கும். பகலில் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார். கடிகாரம் தலையணைக்குக் கீழே தூங்கும். வாங்கிய மூன்றாம் மாதமே எண்கள் மங்கின. அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரு வேலை கூடிற்று. காலையில் அவர் வந்து படுத்ததும், கடிகாரத்தை எடுத்துப் போய் மதில்மேல் ஒரு தட்டில் வைத்து, காக்கை கொத்தாமல் இருக்க ஒரு கண்ணும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வெயில் காட்ட வேண்டும். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அது ஓடிற்று. பிறகு ஒருநாள் எவ்வளவு வெயில் காட்டியும் கண் திறக்கவில்லை. அண்ணன் எங்கேயோ ஒரு கடையில் கொடுத்து ஒரு பாட்டரி போட்டுக்கொண்டு வந்தார். சில மாதத்தில் அதுவும் நின்றது. கடிகாரம் பீரோவுக்குப் போயிற்று.

2023-ஆம் வருஷம் கார்த்திகையில் அண்ணன் போய்விட்டார். மறு வருஷத் திதி முடிந்து நான் திருவள்ளூருக்குப் புறப்படும்போது அண்ணி ஒரு கைக்குட்டை முடிச்சை என் கையில் வைத்தாள். "தம்பி, நீங்க நாலு பேரைத் தெரிஞ்சவங்க. இது ஓடுமான்னு பாருங்க."

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரிப் படிப்பைக் கரை சேர்க்காதவன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாதக் கட்டணம்தான். ஆனாலும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பூர்வோத்தரம் தெரியாமல் தூங்க என்னால் முடியாது. கடைக்காரரைத் தேடுவதற்கு முன்னால் அதன் சரித்திரத்தைத் தேடத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குத் தட்டுப்பட்டது ஒன்று: சூரியனால் ஓடும் கடிகாரத்தின் சரித்திரத்தில் சூரியனைப் பிடிப்பது பெரிய காரியமாக இருக்கவே இல்லை. இரவைத் தாண்டுவதுதான் பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

நம்முடைய முன்னோர்களுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவன் கோயிலில், மதில் சுவரில் அரை வட்டமாகச் செதுக்கி நடுவே ஓர் ஆணி பொருத்திய சூரிய கடிகாரம் இருக்கிறது. ஆணியின் நிழல் விழும் கோடுதான் மணி. சாவி கொடுக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுகள் ஆனாலும் ரிப்பேர் கிடையாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அது வெறும் சுவர். அதனால்தான் அரண்மனைகளில் நாழிகை வட்டில் வைத்திருந்தார்கள். சிறு துளை வழியாக நீர் சொட்டச் சொட்ட, அளவைப் பார்த்து நாழிகை சொல்ல நாழிகைக் கணக்கர் என்றே ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. பகலுக்கு நிழல், இரவுக்குத் தண்ணீர். இரண்டையும் ஒரே டப்பிக்குள் அடைத்துக் கையில் கட்டிவிட்டால் அதுதான் அண்ணனின் கடிகாரம். நீலப் பட்டை நிழல் ஆணி. உள்ளே இருக்கும் சிறு பாட்டரி நீர் வட்டில்.

நீலப் பட்டை பிறந்த கதை சுருக்கமானது. 1954-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தார் ஒரு சிலிக்கன் தகட்டை வெளிச்சத்தில் காட்டி ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவைத்துக் காண்பித்தார்கள். சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூன்று பேரின் கூட்டு உழைப்பு அது. விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாயிற்று. விலையோ யானை விலை. பூமியில் அதை வாங்க ஆளில்லை. ஆகாயத்தில் ஆள் கிடைத்தது. 1958 மார்ச்சில் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு என்ற சிறு செயற்கைக் கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பாட்டரியில் ஓடியது அந்த வருஷமே ஓய்ந்துவிட்டது. சூரியத் தகட்டில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. பாட்டரி சாகும், தகடு சாகாது என்பது அப்போதே தெரிந்துவிட்ட சமாசாரம்.

இந்தப் பக்கம் கடிகாரக்காரர்கள் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தார்கள். 1969 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஜப்பானின் செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பளிங்குக் கல் துண்டு ஒன்றுக்குச் சிறிது மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். இன்று சாதாரணமாக நம் கையில் உள்ள கடிகாரங்களில் அந்தக் கல் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது என்ன கணக்கு என்று நானும் விழித்தேன். அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து தடவை செய்து பாருங்கள். சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு வினாடி.

1972-இல் அமெரிக்காவின் ஹாமில்டன் கம்பெனி, முள்ளே இல்லாத பல்சர் கடிகாரத்தைத் தங்க உறை போட்டு 2,100 டாலருக்கு விற்றது. சிவப்பு எண்கள் நெருப்புத் துண்டுகளாக ஜொலிக்கும். ஆனால் எப்போதும் ஜொலிக்காது. பித்தானை அழுத்தினால்தான் ஜொலிக்கும். ஏனென்றால் அந்தச் சிவப்பு விளக்குகள் பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். மணி பார்க்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் குழந்தையை வைத்திருக்கிறவன் அந்தக் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாது!

இந்தப் பசிக்குச் சூரியனைச் சோறாகப் போட்டால் என்ன என்று யோசித்த ஆசாமியின் பெயர் ராஜர் ரீல், ஓர் அமெரிக்கர். 1960-களின் இறுதியில் தொடங்கிய அவருடைய பிரயாசை, 1970-களின் முற்பாதியில் சிங்க்ரோனார் 2100 என்ற பெயரில் கடைக்கு வந்தது. கைக்கடிகாரங்களில் சூரிய ஒளியையும் எண்களையும் முதலில் சேர்த்துவைத்தது அதுதான். உச்சியில் தகடுகள், எண்கள் பக்கவாட்டில், மோட்டார் ஓட்டுகிறவன் கையைத் திருப்பாமல் பார்க்கும்படி. 2100 என்பது பல்சரின் விலையைப் பார்த்து வைத்த பெயரல்ல. கி.பி. 2100 வரை லீப் வருஷம் உட்பட அதன் நாள்காட்டி பிசகாது என்று அர்த்தம். 2100, நாலால் வகுபட்டாலும் லீப் வருஷம் அல்லவாம். அந்தப் பிப்ரவரி வரையில் உத்தரவாதம்.

ரீலின் ஆசையைப் பாருங்கள். தான் செய்தது நூறு வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும் என்று நினைத்தார். ஆகவே தண்ணீரோ தூசியோ உள்ளே போகாதபடி, யந்திரம் முழுவதையும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கட்டிக்குள் அடைத்து முத்திரை வைத்துவிட்டார். கூடவே நிக்கல்-காட்மியம் பாட்டரியும் உள்ளே போயிற்று. கட்டி உடையவில்லை. தண்ணீர் புகவில்லை. தகடும் கெடவில்லை. உள்ளேயிருந்த பாட்டரி மாத்திரம் வயதாகிச் செத்தது. சில கடிகாரங்களில் கசிந்து, பக்கத்தில் இருந்ததையும் அரித்தது. திறக்கத்தான் வழியில்லை. ரீல் 2005-இல் காலமானார். அவருடைய கடிகாரத்தை உயிர்ப்பிக்க விரும்புகிறவர்கள் இன்று அந்தக் கட்டியைக் கடைந்து, குடைந்து, வைரம் அறுக்கிறவனுடைய ஜாக்கிரதையோடு பாட்டரி இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். சாகாமல் இருக்கவேண்டும் என்று வைத்த முத்திரையே வைத்தியன் உள்ளே வரமுடியாத கதவாகிவிட்டது. கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்பார்கள்.

நல்ல வேளையாக அண்ணனின் கடிகாரம் அந்த ஜாதியல்ல. 1973-இல் செய்கோ, ஆறு எண்கள் காட்டும் திரவப் படிகக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. இதில் எண்கள் ஜொலிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்து நிற்கின்றன, அவ்வளவுதான். சுவரில் நிழல் விழுவதைப் போல. இதற்கு வேண்டிய மின்சாரம் ஒரு டார்ச் பல்பு தின்பதில் லட்சத்தில் ஒரு பங்கு. பசி இவ்வளவு குறைந்ததும் தகட்டின் அளவும் குறைந்தது. 1976-இல் சிட்டிசன் கம்பெனி முள் வைத்த சூரியக் கடிகாரத்தை வெளியிட்டது. அதற்குப் பின்னால் வந்த சில வருஷங்களில் ஜப்பான் கம்பெனிகள் எண் காட்டும் சூரியக் கடிகாரங்களையும் செய்து குவித்தன.

சிட்டிசன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு எச்.எம்.டி. நினைவு வந்தது. 1961-இல் பெங்களூரில் இந்தியாவின் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது அதற்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது இதே சிட்டிசன்தான். முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். சாவி கொடுக்கிற கடிகாரம். அதை நாம் அருமையாகச் செய்தோம். என் அப்பா கட்டியிருந்தது அதுதான். பின்னால் 1984-இல் தமிழ்நாட்டின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கம்பெனியை ஆரம்பித்து, ஓசூரில் ஆலை வைத்தார்கள். அவர்கள் பிடித்தது குவார்ட்ஸ். ஆனால் முள் வைத்த குவார்ட்ஸ். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடிவிடுவதென்று 2016-இல் அரசாங்கம் முடிவு செய்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், எண் காட்டும் கடிகாரம் வேண்டும் என்று ஏங்கிய வாலிபர்கள் எங்கே போனார்கள்? பர்மா பஜாருக்குப் போனார்கள்.

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடை கண்ணிகள் சர்க்கார் உடைமையான பிறகு, மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்த நம்மவர்கள் பிழைப்பதற்காகத் துறைமுகத்துக்கு எதிரே போட்ட கடைகள் அவை. சிங்கப்பூரிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த சாமான்கள் அங்கே கைமாறின. எப்படி வந்தன என்று வாங்குகிறவர் கேட்பதில்லை; விற்கிறவர் சொல்வதில்லை. பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது.

அண்ணனின் கடிகாரத்தைத் திருவள்ளூரில் மூன்று கடைகளில் காட்டினேன். முதல் கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்து, முகத்தைச் சுளித்து, மூடிக் கொடுத்துவிட்டார். இரண்டாமவர், "புதுசே இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குது சார்" என்றார். மூன்றாமவர் ஒரு புண்ணியம் செய்தார். "கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்காரு. பர்மா பஜார்ல கடை வைச்சிருந்தவரு. அவரால ஆகலேன்னா ஆகாது."

கிழக்கே இருக்கிறதைத் தேடி மேற்கே அலைந்திருக்கிறேன்! திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய், வேறு வண்டி ஏறித் திரும்பி வர வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனேன். பெட்டிக்கடை அளவுதான் கடை. செல்போன் ரிப்பேர் என்று பலகை. வடக்கத்தி வாலிபர்கள் நாலைந்து பேர் உடைந்த போன் கண்ணாடிகளோடு நின்றார்கள். அவர்களைப் பெரியவரின் பேரன் கவனித்துக்கொண்டிருந்தான். பெரியவர் மூலையில் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரங்கூனில் பிறந்தவராம். பத்து வயதில் கப்பலில் வந்தவராம்.

கடிகாரத்தை வாங்கிப் பார்த்தவர், திறப்பதற்கு முன்னால் மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு கடிகாரத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதிலும் நாலு நீலப் பட்டை. "இதைச் சுரண்டிப் பாருங்க" என்றார். நகத்தால் சுரண்டினேன். நீலம் உரிந்து வந்தது. வெறும் காகிதம்! "அந்தக் காலத்துல சோலார்னு சொன்னா அம்பது ரூபாய் கூடக் கிடைக்கும். பட்டை மட்டும் ஒட்டி அனுப்பிச்சான் ஹாங்காங்காரன். நாங்களும் வித்தோம், தெரியாமத்தான். உங்களுது அசலான்னு முதல்ல பாக்கணும்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பத்து வருஷம் அண்ணி காகிதத்துக்கு வெயில் காட்டினாள் என்று ஆகிவிடுமோ?

அவர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருந்தது. யந்திரத்தைக் குறட்டால் தூக்கி எடுத்து, தகட்டின் இரு முனையிலும் மீட்டரின் கம்பிகளை வைத்தார். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் ஏதோ கொஞ்சம் காட்டிற்று. "வெளியே வாங்க" என்று எழுந்தார். வாசலில் நின்று, பங்குனி வெயிலில் தகட்டைக் காட்டினார். மீட்டர் விருட்டென்று இரண்டு வோல்டுக்குப் போயிற்று. ஒவ்வொரு பட்டையும் அரை வோல்ட். நாலு பட்டைக்கு இரண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் செய்த சில்லு, அதில் பாதிக்கு மேல் பீரோவுக்குள் கிடந்தது, வெயிலைக் கண்டதும் நேற்றுச் செய்ததுபோல் வேலை செய்தது. அண்ணி வெயில் காட்டியது காகிதத்துக்கல்ல.

பிறகு பெரியவர் பிரேத பரிசோதனை செய்து சொன்ன சமாசாரம் இது. இந்தக் கடிகாரத்தில் முதலில் இருந்தது திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய விசேஷ பாட்டரி. அது வயதாகிச் செத்தது நியாயமான சாவு. அதன் இடத்தில் யாரோ சாதாரணப் பித்தான் பாட்டரியைப் போட்டுவிட்டார்கள். சாதாரண பாட்டரி கொடுக்கத்தான் தெரிந்தது, வாங்கத் தெரியாதது. சூரியத் தகடு பகலெல்லாம் அதற்குள் மின்சாரத்தைத் திணிக்கும். உள்ளே வாயு சேரும். அழுத்தம் தாங்காமல் காரத் திரவம் கசியும். அந்தக் காரம்தான் செப்புத் தடங்களைத் தின்று பச்சையாகப் பூத்திருந்தது. அண்ணி அக்கறையாக வெயில் காட்டக் காட்ட அது இன்னும் சீக்கிரமாகத் தின்றிருக்கிறது. இதை நான் அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சிகிச்சை மூன்று வாரம் நடந்தது. பச்சையை எலுமிச்சம்பழச் சாறு தொட்ட குச்சியால் கரைத்து, பிறகு ஸ்பிரிட் விட்டுத் துடைத்தார். அறுந்துபோன ஒரு தடத்துக்கு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து உருவிய தலைமயிர் போன்ற செப்புக் கம்பியைப் பாலமாகப் பற்றவைத்தார். யந்திரத்திலிருந்து எண் கண்ணாடிக்கு மின்சாரம் கொண்டுபோவது கறுப்பும் வெளுப்புமாக வரி போட்ட ஒரு ரப்பர் துண்டு. வரிக்குதிரை ரப்பர் என்கிறார்கள். அதைக் கழுவிக் காயவைத்தார். எண் கண்ணாடியின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள் பழுப்பேறி வெந்துபோயிருந்தது. அதை உரித்துவிட்டு, ஒரு பழைய கால்குலேட்டரிலிருந்து எடுத்த தாளை வெட்டி வைத்தார். எண்கள் தலைகீழாக, கறுப்பில் வெள்ளையாகத் தெரிந்தன. அசட்டுச் சிரிப்போடு தாளைக் கால் வட்டம் திருப்பிவைத்தார். வெள்ளையில் கறுப்பாயிற்று. இந்த ஜாலத்தை என் பையனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

பாட்டரியில்தான் தடங்கல் வந்தது. "ரெண்டு வழி இருக்கு சார். தகட்டிலேருந்து வர்ற கம்பியை வெட்டிட்டுச் சாதாரண பாட்டரி போட்டா, நாற்பது ரூபாய். இப்பவே எடுத்துக்கிட்டுப் போகலாம், ரெண்டு மூணு வருஷம் ஜம்முனு ஓடும். இல்லே, ஏத்தி எறக்கற பாட்டரிதான் வேணும்னா, இந்த அளவுக்கு இப்ப ஜப்பான்காரன் வேற மாதிரி பண்றான். அதை வரவழைச்சு, உக்காரவைக்க ஒரு வளையம் கடையணும். எழுநூறு ரூபாய்க்கு மேல ஆகும். எவ்வளவு நாள் ஓடும்னு நான் சொல்லமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், நான் நாற்பது ரூபாய்ப் பக்கம்தான் இருந்தேன். கடிகாரம் ஓட வேண்டும். எதனால் ஓடினால் என்ன? நல்ல வேளையாக, அண்ணி வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. போய் அவளிடம் இரண்டு வழியையும் சொன்னேன்.

அண்ணி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ பட்டை சும்மா இருக்குமா, தம்பி?"

"சும்மாத்தான் இருக்கும், அண்ணி. அழகுக்கு."

"வெயில் காட்ட வேண்டியதில்லே."

"வேண்டியதில்லை."

"அப்போ அது எதுக்கு? வேண்டாம்" என்றாள்.

பெரியவர் இழுப்பறையில் பார்த்த காகிதப் பட்டைக் கடிகாரம் என் கண்முன் வந்தது. அசலைப் போலியாக்க நாற்பது ரூபாய் கொடுக்கப் போனேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. எழுநூறு ரூபாய் வழிக்கே வந்து சேர்ந்தேன்.

பாட்டரி வரக் காத்திருந்த நாட்களில் பெரியவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஜப்பானில் பனியும் மூட்டமுமாக இருக்கும் இடத்தில் செய்தது, நம் ஊர் வெயிலில் இன்னும் நன்றாக அல்லவா வாழ வேண்டும்? அவர் தலையை ஆட்டினார். "சார், அதுக்கு வேண்டியது வெளிச்சம். வெயில் இல்லே." தமிழில் இரண்டுக்கும் இரண்டு வார்த்தை இருந்தும் நாம் கலந்துவிடுகிறோம். சிலிக்கன் தகட்டுக்கு வெளிச்சம் ஆகாரம், சூடு ஆகாது. ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் அதன் சக்தி அரை சதவீதம் வரை குறைகிறது. பாட்டரிக்கோ சூடு எமன். உள்ளே ரசாயனம் வேகமாக வேலை செய்து ஆயுளைச் சுருக்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் மதில்மேல் வைப்பதைவிட, நிழலான ஜன்னலோரத்தில் முழுப் பகலும் வைப்பது மேல். ஆனால் வீட்டுக்குள் டியூப் லைட் தரும் வெளிச்சம் நேர் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை நம்பியும் பிரயோஜனமில்லை.

இந்த இரவுத் தொல்லை கடிகாரத்தோடு போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் இன்று ஆலைக் கூரைகளில் நீலத் தகடுகளைப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் சூரியத் தகடு செய்யும் பெரிய ஆலையே 2024 ஜனவரியில் திறந்தார்கள். பகலில் எல்லாம் சரி. இரவு ஷிப்டுக்கு உருளை சுற்ற, அத்திப்பட்டில் கரி எரிய வேண்டியிருக்கிறது.

ஆகாயத்திலும் இதே கதைதான். 1975 ஏப்ரல் 19-இல் ரஷ்ய ராக்கெட்டில் போன நம் ஆரியபட்டாவின் உடம்பு முழுவதும் சூரியத் தகடுகள். வெயிலுக்குப் பஞ்சமேயில்லை. ஆனாலும் நாலைந்து நாளிலேயே மின்சாரக் கோளாறில் அதன் ஆராய்ச்சிகள் நின்றுபோயின.

பழவேற்காடு ஏரிக்கு அந்தக் கரை ஸ்ரீஹரிகோட்டா. கும்மிடிப்பூண்டி மொட்டை மாடிகளிலிருந்து ராக்கெட் போவது தெரியும். 2023 ஜூலை 14, பிற்பகல் 2 மணி 35 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது நானும் அண்ணனும் மாடியில் நின்று பார்த்தோம். அவர் அப்போதே தளர்ந்திருந்தார். படி ஏற இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஆகஸ்டு 23-இல் விக்ரம் நிலவில் இறங்கியது. இரண்டு வாரம் சூரிய ஒளியில் வேலை செய்தபின், நிலவில் இரவு வரப்போகிறது என்று செப்டம்பர் தொடக்கத்தில் விக்ரமையும் அதன் சிறு வண்டி பிரக்யானையும் தூங்கவைத்தார்கள். பாட்டரியை நிரப்பி, தகட்டை மறுபடி சூரியன் உதிக்கும் திசை பார்த்து வைத்தார்கள். அந்த இரவு பூமிக் கணக்கில் பதினாலு நாள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரியை நெருங்கும். அந்த இரவைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல அவை. விழித்தால் லாபம் என்ற எண்ணம்தான். செப்டம்பர் 22-இல் பொழுது விடிந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

அண்ணன் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "நம்ம வாட்ச் மாதிரிதாண்டா. வெயில் வந்திருக்கும். வாங்கி வைக்கறது போயிருக்கும்." கம்பி இழுத்த மனிதர் சொன்ன காரணம் சரியா என்பதை விஞ்ஞானிகள் சொல்லட்டும். ஆனால் பீரோவில் கிடந்த கடிகாரத்தை அவர் மறக்கவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்துப் பாட்டரி வந்தது. பெரியவர் அதை வளையத்துக்குள் உட்காரவைத்து மூடினார். எண்கள் உடனே வரவில்லை. வாசலில் முக்காலியின்மேல், கண்ணாடி டம்ளரின் நிழலில் வைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீ பாதி குடித்திருப்போம். பேரன்தான் முதலில் பார்த்தான். பன்னிரண்டு என்று ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் துடித்துக்கொண்டிருந்தன. எழுநூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கால்குலேட்டர் தாளுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அண்ணி கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் வைக்க வேண்டும், சுடுகிற இடத்தில் வைக்கக்கூடாது என்று பெரியவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மணியைச் சரியாக வைத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் சூரியனைக் காணோம். கடிகாரம் என்னவாயிற்றோ என்று கவலை வந்து, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஜன்னலோரத்தில், நல்ல பித்தளைத் தட்டில், ஒரு துணி மடிப்பின்மேல் இருந்தது. எண்கள் மங்கவில்லை. என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் வேகமாக இருந்தது. பளிங்குக் கல்லில் ஏதோ கோளாறு, பெரியவரிடம் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று கையில் எடுத்தேன்.

"கோளாறு ஒண்ணும் இல்லே தம்பி, வையுங்க" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. "நான்தான் அஞ்சு நிமிஷம் கூட்டி வைச்சேன். சங்கு ஊதறதுக்கு முன்னாலே கேட்டுக்குள்ளே இருக்கணும்னு அவரு அப்படித்தான் வைப்பாரு."